பாடத்தை மாணவர் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த சேர்க்கைக்கான விளம்பரங்கள் உங்கள் நாளிதழில் வரத் தொடங்கிவிட்டன. வீட்டிலிருந்தே பி.காம்., வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ., முழுக்க முழுக்கக் காணொளி வகுப்புகள், எங்கிருந்தும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள், நேரடியாகக் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டங்களுக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தும் விட்டது. நல்ல விஷயம். ஆனால் இந்தப் பட்டத்தை நம்பிப் பணம் கட்டுகிறவர்களிடம் அந்தக் காணொளி வகுப்பு எந்த நிலையில் போய்ச் சேருகிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், முடிந்தால் சுருக்காமல் போடுங்கள்.

நான் திண்டுக்கல் பகுதியில் தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்குத் தொடர்பு வகுப்பு, அதாவது நேரில் பாடம் நடத்தும் வகுப்பு எடுக்கிற வணிகவியல் ஆசிரியர். என் வகுப்புக்கு வருகிறவர்கள் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படும் காவலர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்கள், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோய்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்த பெண்கள். இவர்களுக்காக நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பாடத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்துக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். அவர்கள் போனில் இறக்கி வைத்துக்கொள்ளும்படி, இணைப்பு இல்லாத இடத்திலும் பார்க்கும்படி, பட்டம் வாங்கும்வரை அவர்களிடமே இருக்கும்படி கொடுங்கள்.

இது பெரிய கோரிக்கை இல்லை. அஞ்சல்வழிக் கல்வி என்று சொன்ன காலத்தில் இது தானாகவே நடந்துகொண்டிருந்தது. 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிப் படிப்பு தொடங்கியது. நம் ஊரில் எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரை, 1979-ல் அண்ணாமலை, 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகம் என்று வரிசையாக வந்தன. தபால்காரர் ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். அதில் குறை இல்லாமல் இல்லை. தேர்வு நெருங்கும்போது வந்து சேர்ந்த கட்டுகள் உண்டு, அச்சுப் பிழை உண்டு, பழைய பாடத்திட்டத்தையே திருப்பித் திருப்பி அச்சடித்ததும் உண்டு. ஆனாலும் வந்த புத்தகம் அவருடையது. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கலாம், பஸ்ஸில் படிக்கலாம், மூன்று வருடம் கழித்து அரியர் எழுதும்போது தூசி தட்டி எடுக்கலாம், முடித்த பிறகு தங்கைக்குக் கொடுக்கலாம்.

அதற்குப் பிறகு ஒளியும் ஒலியும் சேர்ந்த பாடங்கள் வந்தபோதெல்லாம் கஷ்டம் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. பாடம் ஒளிபரப்பாகிற நேரத்துக்கு மாணவர் உட்கார்ந்தாக வேண்டும். 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சி தூர்தர்ஷனில் தொடங்கியது. இதற்கான நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் மையங்கள் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்திலும் அமைந்தன. நல்ல தயாரிப்புகள் எத்தனையோ வந்தன, ஆனால் ஒளிபரப்பு பகல் வேளையில், வேலைக்குப் போகிறவர் எப்படிப் பார்ப்பார்? 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அந்த வகுப்பைப் பார்ப்பதற்கும் ஆன்டெனா வைத்த மையத்துக்குப் போய்த்தான் உட்கார வேண்டும்.

பிரிட்டனில் 1969-ல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பிபிசி தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அதன் பாடங்கள் ஒளிபரப்பாயின. பின்னிரவு ஒளிபரப்பு 2006 டிசம்பர் வரை நீடித்தது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் ஒளிபரப்பை மட்டும் நம்பி உட்காரவில்லை. அச்சுப் பாடங்களைத் தபாலில் அனுப்பியது, அறிவியல் மாணவர்களுக்கு வீட்டிலேயே பரிசோதனை செய்து பார்க்கக் கருவிப் பெட்டிகளை அனுப்பியது, மாணவருக்கு ஆசிரியர் ஒருவரை ஒதுக்கி மாணவர் எழுதி அனுப்பும் ஒப்படைப்பை அவர் திருத்திக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தது. தொலைக்காட்சி அதில் ஒரு பகுதிதான்.

நம் நாட்டிலும் இதைப் புரிந்துகொண்டு செய்தவர்கள் இருக்கிறார்கள். 2017 ஜூலை 9 அன்று மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தோடு சேர்த்து ஸ்வயம் பிரபா என்று 32 டிடிஎச் சேனல்களைத் தொடங்கினார்களே, அதில் ஒரு சேனலில் நாளுக்குக் குறைந்தது 4 மணி நேரம் புதுப் பாடம், அதையே அன்றைக்குள் மேலும் ஐந்து முறை திரும்பப் போடுவது என்று திட்டம் போட்டார்கள். காலையில் பார்க்க முடியாதவர் இரவில் பார்க்கட்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, இணையம் வந்தது. நேரத்தின் பிடி இதோடு விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நடந்தது வேறு. 2020-ல் கொரோனாவால் கல்லூரிகளை மூடியதும் நேரலை வகுப்பு என்ற பழக்கம் வந்தது. வேறு வழி இல்லாத நேரம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கம் தொலைநிலைப் படிப்பிலும் வந்து ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லிங்க் அனுப்புவார்கள், சேர்ந்தால் வருகைப்பதிவு உண்டு, தவறவிட்டால் பதிவு செய்த காணொளி தளத்தில் ஏறும், எப்போது ஏறும் என்று தெரியாது, ஏறினாலும் இறக்க முடியாது. மில்லில் வேலை செய்கிறவருக்குச் சனிக்கிழமை பத்து மணி என்பது இரவு ஷிப்ட் முடிந்து தூங்குகிற நேரம், இல்லையென்றால் பகல் ஷிப்டில் மெஷின் முன்னால் நிற்கிற நேரம். மில்லுக்குள் போன் கொண்டுபோக அனுமதியும் கிடையாது.

என் மாணவி ஒருவரின் நிலையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக வர நீண்ட நேரம் ஆகும், ஒரு நாளில் அவருக்கென்று கிடைக்கிற நேரமே அதுதான். வழியில் பாதி தூரம் சிக்னல் விட்டு விட்டு வரும். காணொளி சுற்றிக்கொண்டே நிற்கும், சிக்னல் வந்ததும் தளம் அவரை வெளியே தள்ளிவிட்டு மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும், அதற்கு ஓடிபி வர வேண்டும், ஓடிபி வருவதற்குள் அடுத்த சிக்னல் இல்லாத இடம் வந்துவிடும். அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் வைஃபை இருக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் பாடத்தை ஓட விட்டு, அதன் பக்கத்தில் தன் போனை வைத்துக் குரலைப் பதிவு செய்துகொண்டார். அந்த ஒலிப்பதிவைத்தான் பஸ்ஸில் கேட்டார். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். நடுவில் குக்கர் விசில் கேட்கும், குழந்தை அழுவது கேட்கும். அப்படியும் அந்தக் குழுவில் அதிகம் பேர் கேட்டுப் படித்தது அந்தப் பதிவைத்தான், பல்கலைக்கழகத்தின் தளத்தில் இருந்த காணொளியை அல்ல. பல்கலைக்கழகமே ஒரு ஆடியோ கோப்பைத் தனியாகப் போட்டிருந்தால் இந்தப் பாடு எதற்கு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு 30 மணி நேரக் காணொளி, செமஸ்டருக்கு 5 பாடம் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 150 மணி நேரம். 720பி தரத்தில், விநாடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 675 எம்பி ஆகும். 150 மணி நேரத்துக்கு 100 ஜிபியைத் தாண்டும். அதையே 360பி தரத்தில், விநாடிக்கு அரை மெகாபிட்டுக்குச் சுருக்கினால் மணிக்கு 225 எம்பி, செமஸ்டர் முழுவதற்கும் சுமார் 34 ஜிபி. குரலை மட்டும் 48 கிலோபிட்டில் பிரித்தெடுத்தால் மணிக்கு 22 எம்பிகூட ஆகாது, 150 மணி நேரப் பாடமும் மூன்றேகால் ஜிபியில் அடங்கிவிடும். பேசியதை எழுத்தாக்கிக் கொடுத்தால் அது சில எம்பி. நாளுக்கு ஒன்றரை ஜிபி போட்டுக்கொண்டு, அதையும் பிள்ளைகளோடு ஹாட்ஸ்பாட்டில் பகிர்ந்துகொள்கிற வீட்டில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தளம் வடிவமைக்கிறவர்கள் யோசிக்க வேண்டும். சுருக்கிய காணொளிகள் முழுவதும் 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் அடங்கும், இடம் மிச்சமும் இருக்கும். கார்டு விலை சில நூறு ரூபாய். புத்தகக் கட்டோடு அந்தக் கார்டையும் சேர்த்துத் தபாலில் அனுப்பினால், இணைப்பே இல்லாத மலைக்கிராமத்தில் இருப்பவரும் படிப்பார். கொடைக்கானல் மலையிலும் சிறுமலையிலும் என் மாணவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தொழில்நுட்பம் இடம் கொடுக்காது என்று யாரும் சொல்ல முடியாது. இணையத்தில் பாடம் நடத்த நிறையப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துவது மூடுல் என்ற இலவச மென்பொருள். அதன் கைப்பேசிச் செயலியில் பாடங்களை இறக்கி வைத்து இணைப்பு இல்லாமல் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆசிரியர் அமைப்பில் அனுமதித்தால் குவிஸைக்கூட இணைப்பு இல்லாமல் எழுதி, அப்புறம் சிக்னல் வரும்போது ஏற்றலாம். அந்த அனுமதியை மூடி வைத்திருப்பது நாம்தான். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தைப் பாருங்கள். பொறியியல் பாடக் காணொளிகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இறக்கலாம், பேசியதன் எழுத்து வடிவத்தையும் எடுத்துக்கொள்ளலாம், பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் பாடப் புத்தகங்களை இ-ஞானகோஷ் என்ற களஞ்சியத்தில் போட்டு வைத்திருக்கிறது. அங்கே சேராதவர்கள்கூட அதை இறக்கிப் படிக்கிறார்கள், என் மாணவர்கள் உட்பட.

இறக்க விட்டால் டுடோரியல்காரர்கள் எடுத்து விற்பார்கள், பதிப்புரிமை போய்விடும் என்று ஒரு பதில் எப்போதும் வரும். நான் கேட்ட இடத்தில் எனக்கும் அந்தப் பதில்தான் கிடைத்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. என்பிடெல் காணொளிகள் யூடியூபில் திறந்தே கிடக்கின்றன, அதனால் அந்தத் திட்டம் நஷ்டப்பட்டுப் போகவில்லை. தேர்வுக்கும் சான்றிதழுக்கும்தான் அங்கே கட்டணம். நம் மாணவர்களும் காணொளிக்காகப் பணம் கட்டவில்லை, பட்டத்துக்காகக் கட்டுகிறார்கள். பட்டத்தை எந்த டுடோரியலும் விற்க முடியாது. அதுவும் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம், ஒரு நல்ல கணக்குப் பாடம் நாலு பேர் கைக்குக் கூடுதலாகப் போனால் அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

பங்கேற்பைக் கண்காணிக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன, இறக்கிப் பார்த்தால் யார் பார்த்தார்கள் என்று தெரியாதே என்பது இன்னொரு பதில். காணொளி ஓடியது என்பதை வைத்து ஒருவர் படித்தார் என்று எப்படிச் சொல்வது? போனை ஓட விட்டுவிட்டுச் சமையல் பார்க்கலாம், தூங்கலாம். படித்தாரா என்று தெரிய வேண்டுமானால் பாடம் முடிந்ததும் ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதுதான் பங்கேற்பு.

இறக்குவதற்கு அப்பால், காணொளியின் தரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தில் காஸ்ட் ஷீட், அதாவது ஒரு பொருளைத் தயாரிக்க ஆகும் செலவை வரிசையாகக் காட்டும் பட்டியல் பற்றிய காணொளியை மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பது நிமிடம். திரை முழுக்க ஒரே பிபிடி ஸ்லைடு, அதில் இருபது வரிக்கு மேல் எண்கள், மூலையில் ஆசிரியரின் முகம் ஒரு கட்டத்துக்குள். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒருவேளை தெரியும். ஆறு அங்குல போனில் எண்கள் எறும்பு வரிசை மாதிரி இருக்கின்றன, விரலால் பெரிதாக்கினால் கலங்கிவிடுகிறது. ஆசிரியர் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போகிறார். பிரைம் காஸ்ட் இவ்வளவு, அதோடு ஃபேக்டரி ஓவர்ஹெட் இவ்வளவு, ஆக வொர்க்ஸ் காஸ்ட் இவ்வளவு. தொடக்கச் சரக்கிருப்பை ஏன் கூட்டுகிறோம், இறுதிச் சரக்கிருப்பை ஏன் கழிக்கிறோம், செய்து முடிக்காத சரக்கை எந்த வரியில் கொண்டுவருகிறோம் என்பதில்தான் மாணவர்கள் தேர்வில் கோட்டை விடுகிறார்கள். அதற்கு விளக்கம் வரும் நேரத்தில் அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது, முந்தைய எண்கள் மறைந்துவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "சார், அந்த எண் எங்கிருந்து வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் சொன்னேன். வீட்டில் தனியாகப் பார்க்கிறவர் யாரிடம் கேட்பார்?

இதே பாடத்தை ஒரு வெள்ளைத் தாளில் மொபைல் கேமராவைக் கீழ்நோக்கி மாட்டி, ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே பேசி எட்டு நிமிடத் துண்டுகளாகப் பிரித்தால் செலவும் குறைவு, புரிவதும் அதிகம். இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இணையவழிப் பாடங்கள் நடத்தும் எடெக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் சுமார் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு ஆய்வு வெளியானது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் குறைந்தது பாதி முறை மாணவர்கள் பார்த்தது ஆறு நிமிடத்துக்கு மேல் இல்லை என்றும், ஸ்லைடைக் காட்டி நடத்துவதைவிட, எழுதிக்கொண்டே விளக்குவதில் மாணவர்கள் அதிக நேரம் தங்குகிறார்கள் என்றும் அதில் தெரிந்தது. எல்லாக் காணொளிகளையும் ஆறு நிமிடத்துக்குள் முடியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, ஒரு கணக்கு எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். காதும் கண்ணும் ஒரே வாக்கியத்தைத் தனித்தனியாகப் படித்துக்கொண்டிருந்தால் புரிதல் குறைகிறது என்பதைக் கற்றல் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல வருடச் சோதனைகளில் காட்டியிருக்கிறார். படத்தைக் காட்டிப் பேசுங்கள், எழுத்தைக் காட்டி வாசிக்காதீர்கள். எழுத்து பிடிஎஃபில் தனியாக இருக்கட்டும்.

பிடிஎஃப் என்றதும் இன்னொரு வேதனை. இணையதளத்தில் போட்டிருக்கும் தமிழ்ப் பாடங்களில் பல பழைய எழுத்துருக்களில் தட்டியவை, இல்லாவிட்டால் புத்தகத்தை ஸ்கேன் செய்து போட்டவை. அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒரு பத்தியை எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக விழுகிறது. பார்வையற்ற மாணவர்கள், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானை வைத்து இதைப் படிக்கவே முடியாது. என்னிடம் படித்த பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு அவர் அக்கா முழுப் புத்தகத்தையும் வாசித்துப் பதிவு செய்து கொடுத்தார். எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரிகிற பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடைப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2010-லேயே ஆணை போட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். இத்தனைக்குப் பிறகும் 'டிஜிட்டல் பாடம்' என்று பெயர் வைத்துப் பழைய எழுத்துருக் கோப்புகளை ஏற்றுவது பெரிய அநியாயம். எழுத்துருவை மாற்றித் தர இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, மாற்றியபின் ஒருமுறை பிழை பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஸ்வயம் பாடங்களுக்கு நான்கு பகுதிகள் இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். காணொளி, வாசிப்புப் பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு. இணையவழிப் பட்டப்படிப்பு நடத்துகிற எல்லாரும் இந்த நான்கையும் விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மூன்றாவதைத் திறந்து பாருங்கள். மாணவர் கேள்வி கேட்டிருப்பார், கீழே இன்னொரு மாணவர் எனக்கும் இதே சந்தேகம் என்று எழுதியிருப்பார், செமஸ்டரே முடிந்திருக்கும், பதில் இருக்காது. கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் போடாமல் கேள்விப் பெட்டியை மட்டும் திறந்து வைத்தால், அடுத்த செமஸ்டரில் யாரும் கேட்க மாட்டார்கள். ஒப்படைப்பும் அப்படித்தான், மதிப்பெண் வரும், எந்த வரியில் தப்பு என்று ஒரு வார்த்தை வராது. தொடர்பு வகுப்பு எடுக்கிற எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் மாணவர்களைப் பிரித்துக் கொடுத்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மதிப்பூதியம் கொடுத்தால் போதும், இரண்டு நாளில் பதில் போய்ச் சேரும். கட்டடமோ ஸ்டுடியோவோ கட்ட வேண்டாம்.

ஸ்டுடியோ என்று சொன்னதால் ஒரு வார்த்தை. கேமராவுக்கும் பச்சைத் திரைக்கும் ஒதுக்குகிற பணத்தில் ஒரு பகுதியை, எடுத்த காணொளியைச் சுருக்கவும் பேச்சை எழுத்தாக்கவும் ஒதுக்கியிருந்தால் நான் மேலே சொன்னதில் பாதி நடந்திருக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக ஒரே பி.காம். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுப்பதும் எனக்குப் புரியவில்லை. அடக்கவிலைக் கணக்கியலில் மதுரைக்கு ஒரு காஸ்ட் ஷீட், சென்னைக்கு ஒரு காஸ்ட் ஷீட் என்று கிடையாது. 2002-ல் சட்டம் போட்டுத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை அரசு உருவாக்கியது இந்த மாதிரி வேலைகளுக்காகவும்தானே. அதன் தலைமையில் எல்லாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அடிப்படைப் பாடங்களை நல்ல தமிழிலும் எளிய ஆங்கிலத்திலும் ஒருமுறை ஒழுங்காகத் தயாரித்து, எல்லா மாணவர்களும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கலாம். உயர்கல்வித் துறை நினைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே இரண்டு மூன்று பாடங்களில் தொடங்கிவிடலாம்.

அரியர் மாணவர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. தொலைநிலைப் படிப்பில் ஒரே மூச்சில் முடிக்கிறவர்கள் குறைவு. பிரசவம் வரும், வேலை மாறும், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். படிப்புக்காலம் முடிந்த பின்னும் தேர்வு எழுத அவகாசம் கொடுத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் செமஸ்டர் முடிந்ததும் தளத்தில் அந்தப் பாடத்தை மூடிவிடுகிறார்கள். தேர்வுக் கட்டணம் வாங்குகிறார்கள், ஹால் டிக்கெட் கொடுக்கிறார்கள், படிக்கப் பாடம் இல்லை. தோற்ற பாடத்தைத்தான் ஒருவர் மறுபடி பார்த்தாக வேண்டும், அதுதான் மூடிக் கிடக்கிறது. என் மாணவி ஒருவர் இரண்டு பாடம் பாக்கியோடு நிற்கிறார், கையில் இருந்த ஸ்கிரீன்ஷாட்களை வைத்துத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். பணம் கட்டிச் சேர்ந்த ஒருவருக்கு, பட்டம் முடிக்க அனுமதித்த கடைசி நாள்வரை பாடங்கள் திறந்திருக்க வேண்டும் என்று மானியக் குழு ஒரு வரி விதி போட்டால் இது தீர்ந்துவிடும்.

சேர்க்கை விளம்பரத்திலும் சில விவரங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாடங்களை இறக்க முடியுமா முடியாதா, ஆடியோவும் எழுத்து வடிவமும் உண்டா, எந்த மொழியில் உண்டு, நேரலையில் இல்லாதவருக்கு வருகைப்பதிவு போகுமா, எத்தனை மாணவருக்கு ஒரு ஆசிரியர், பாடம் எந்தத் தேதிவரை திறந்திருக்கும். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் பல்கலைக்கழகங்களிடம் இதைக் கேட்டு வாங்கி ஒரு பட்டியலாகப் போட்டீர்கள் என்றால் ஆயிரக்கணக்கானவர்கள் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

இந்த முறை சேரப்போகிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சேர்க்கை மையத்தில் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரில் காட்டுகிற டெமோவைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். மாதிரிப் பாடம் ஒன்றை உங்கள் போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள், இறக்கச் சொல்லுங்கள், பிறகு டேட்டாவை அணைத்துவிட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
தொலைநிலைக் கல்வித் தொடர்பு வகுப்பு ஆசிரியர்,
திண்டுக்கல்.